மரக்கட்டை கட்டிய சாவி

என்ன தொழில் செய்கிறாய் என்று யாராவது கேட்டால், லேப் வைத்திருக்கிறேன் என்பேன். அதற்கு மேலும் தோண்டுகிறவர்களிடம், ஊரார் மூத்திரத்தைப் பார்ப்பதுதான் என் தொழில் என்று சொல்லிவிடுவேன். பேச்சு அத்தோடு நின்றுபோகும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி, எனக்கு ஏன் பிள்ளை இல்லை என்ற விசாரணைக்கு வந்து சேர்வதற்குள் நான் இதைச் சொல்லிவிடுவது வழக்கம். சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.

மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த ஊரில், லேப் ஆரியசாலையில் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே வற்றல் மிளகாய் மண்டி. ஊசி குத்துவதற்கு முன்பே என்னிடம் வருகிறவர்களின் கண் கலங்கியிருக்கும். அப்பாவின் பலசரக்கு வியாபாரத்தை அண்ணன் எடுத்துக்கொள்ள, நான் என் படிப்பை நம்பி இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு பெண்பிள்ளை ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொட்டுக்கொண்டிருப்பதா என்று அப்போது முகம் சுளித்த உறவினர்கள் எல்லோரும் இப்போது சர்க்கரை பார்க்க என்னிடம்தான் வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. மறைப்பானேன்.

என்னிடம் அதிகம் வருகிறவர்கள் சாலைக் கடைத்தெருவில் வேலை பார்க்கும் பெண்கள். துணிக்கடை, பாத்திரக்கடை, வளையல் கடை என்று எங்கே போனாலும் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் பெண்கள்தான். பாதிப் பேர் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். மீதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என்று சீட்டோடு வருவார்கள். அந்தச் சீட்டுகளை எழுதுகிறவர்கள் மூன்று பெண்கள்.

முதலாமவர் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் நீளம். இரண்டாமவர் எங்கள் வார்டின் அரசு ஆரோக்கிய நிலையத்து நர்ஸ். வெயிலோ மழையோ, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு கர்ப்பிணிகளின் வீடுகளுக்கெல்லாம் நடப்பார். மலையாளி. தமிழ்ப் பெண்களோடு பேசிப் பேசி இரண்டையும் கலந்து ஒரு பாஷை வைத்திருக்கிறார். மூன்றாமவர் கிழக்கேகோட்டையில் ஆயுர்வேதம் பார்க்கும் வைத்தியர், அவரும் மலையாளி. வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நாடி பிடித்தால் கையை விடவே மாட்டார்.

மூன்று பேரும் கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசியதே கிடையாது. வைத்தியரின் கஷாயம் வயிற்றைக் கெடுக்கிறது என்று டாக்டர் என்னிடம் சொல்வார். டாக்டரின் மாத்திரை உடம்பைக் காய வைக்கிறது என்று வைத்தியர் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்து கர்ப்பிணிகளை அலைக்கழிக்கிறார்கள் என்று நர்ஸ் சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

அப்படி அலைந்தவர்களில் ஒருத்தி, ஒரு துணிக்கடையில் பிளவுஸ் துணி கவுண்டரில் நின்றாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். எந்தச் சேலையைக் கொண்டு போனாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுக்கிலிருந்து அதே நிறத்துத் துண்டை உருவிப் போடுவாள். நானே அவளிடம்தான் வாங்குவேன். அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்றால் அது அந்தக் கவுண்டரால் வந்ததுதான்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு கலைந்துபோயிருந்தது. இப்போது மறுபடியும் கர்ப்பம், மறுபடியும் ஐந்தாம் மாதம். மூத்திரத்தில் பூச்சி என்று மாத்திரை தின்று முடிப்பாள், நன்றாகிவிடும். கொஞ்ச நாளில் திரும்ப வருவாள். இப்படியே போனால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடும், குறைமாதத்தில் வலி கண்டாலும் கண்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேலையை விடு என்று மாமியார் ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம். இந்தப் பிள்ளையையும் தொலைக்கக்கூடாது, வேலையையும் விடக்கூடாது. அவளுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான், ஆனால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதுபோலவே எல்லோரும் அவளிடம் பேசினார்கள்.

ஒருநாள் மதியம் கண்கள் சிவந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தொட்டால் சுட்டது. அவள் தந்த குப்பியில் மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் சீழ் அணுக்கள் குவிந்து கிடந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீ தண்ணி குடிக்கிறியா இல்லியா? நேரா பறயணும், கேட்டியா?" என்றேன்.

"குடிக்கேன்க்கா."

"எப்போ?"

"ராத்திரி வீட்டுக்குப் போயி."

"பகல்ல?"

முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "குடிச்சா போவணும்லாக்கா. கடையில அதுக்குத் தோதுப்படாது," என்றாள்.

காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சோற்றைக்கூட மோர் விடாமல் தின்பாளாம். கடையில் மற்ற பெண்களும் அப்படித்தானாம்.

"டாக்டர்கிட்ட இதச் சொன்னியா?"

"தண்ணி நெறைய குடிக்கணும்னு சொன்னாவ. சரின்னேன். ஏன் குடிக்கலன்னு ஒருத்தரும் கேக்கலியே."

என் கோபம் அப்படியே வேறு பக்கம் திரும்பியது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தேன். கையில் உறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். விஷயத்தைக் கேட்ட டாக்டர், "அடப் பாவமே. பகல் பூரா ஜலமே குடிக்கறதில்லையா? அப்போ பேசாம வேலையை விட்டுட்டு ஆத்துல இருக்கச் சொல்லேன். வேற என்ன வழி?" என்றார்.

பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்தாள். காய்ச்சலில் குரல் கரகரத்தது. "கடையில ஆம்பளையளும்தான் ஒண்ணுக்குப் போறாவ டாக்டரம்மா. அவியள யாரும் வேலைய விடச் சொல்லலியே."

"செரியாத்தான் கேக்கறா," என்று டாக்டர் சொன்னார். "நீ அவளை உடனே இங்கே அனுப்பு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, மேஜைமேல் பழைய சீட்டுகளைப் பார்த்தேன். டாக்டர் எழுதியிருந்தார்: நிறையத் தண்ணீர் குடிக்கவும். நர்ஸும் அதையே சொல்லியிருந்தார். வைத்தியர் நெருஞ்சில் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பகல் முழுக்கக் குடிக்கச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் சண்டை பிடிக்காமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அவளால் செய்ய முடியாத விஷயமாக இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றே ஒரு பொய் சொன்னேன். டாக்டரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நர்ஸும் வைத்தியரும் என் லேப்புக்கு வருகிறார்கள், நீங்களும் வந்தால் நல்லது என்றேன். நர்ஸிடம் மற்ற இருவரும் வர ஒப்புக்கொண்டாயிற்று என்றேன். வைத்தியரிடமும் அதே பாட்டு. மூன்று பேரும் வந்தார்கள். மற்ற இருவர் போகும்போது தான் போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு மண்டி அடைப்பு. மிளகாய் நெடி இல்லை. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் சாயாவும் வாங்கி வைத்திருந்தேன். டாக்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார், வைத்தியர் கதவுப் பக்கம். நர்ஸ் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஆரம்பம் சரியில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தச் சொல்வது யார் என்று டாக்டர் கேட்க, அப்படிச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா என்று வைத்தியர் சிலிர்த்துக்கொள்ள, பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது.

நான் குறுக்கே விழுந்து, நடந்ததைச் சொன்னேன்.

"சேச்சி, நான் எல்லா மாசமும் பறயறதுதானே, வெள்ளம் குடிக்கணும்னு," என்றார் நர்ஸ். பிறகு அவரே யோசித்து, "அந்த வளையல் கடையில ஒரு குட்டி உண்டு. அவளும் இதுபோலத்தான். எப்பவும் காய்ச்சல்," என்றார்.

"நெற்றியில் தழும்பு உள்ள குட்டியோ?" என்றார் வைத்தியர். "அவளுக்கு நானல்லே கஷாயம் கொடுக்கிறது."

டாக்டர் திரும்பினார். "அவளா? அவளுக்கு நான் போன வாரம்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தேன்!"

பிறகு ஒரே வேடிக்கை. பாத்திரக்கடைப் பெண்ணா, என்னிடமும் வருகிறாளே. சுரிதார் கடையில் உயரமாக ஒருத்தி, அவளும்தான். ஒவ்வொருத்தியையும் மூன்று பேரும் தனித்தனியாகக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் குணமாகி, கடைக்குப் போய், தண்ணீர் குடிக்காமல் நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒரு கக்கூஸ் இருந்தா தீந்து போற வியாதிக்கு நாம நாலு பேர் படிச்சுட்டு ஒக்காந்திருக்கோமாக்கும்," என்றார். வைத்தியரும் சிரித்தார். பழம்பொரித் தட்டை அவர்தான் டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் வரை பேசினோம். இனிமேல் ஒரு பெண் சம்மதித்தால், அவளுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவது. தண்ணீர் குடி என்று சொல்வதோடு நிற்காமல், குடிக்க முடிகிறதா என்று கேட்பது. முதலில் அந்தத் துணிக்கடைக்குப் போய், பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் பேசுவது.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் பேச எங்கள் நாலு பேருக்கும் தகுதி இருந்தது. அவருடைய பிள்ளைகள் டாக்டரின் கையில் பிறந்தவர்கள். அவர் முதுகுவலிக்கு எண்ணெய் தருவது வைத்தியர். நர்ஸ் சர்க்கார் ஆள், கடைக்குள் போக யாரிடமும் கேட்க வேண்டாம். அண்ணாச்சியின் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதை நான் வெளியே சொல்லமாட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பியிருந்த அவளிடம், முதலாளியிடம் பேசட்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். "என் பேரு மட்டும் வரக்கூடாதுக்கா. வேற என்ன வேணும்னாலும் பேசுங்க," என்றாள். அவள் பெயரை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தோம்.

காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பு போனோம். நாலு பெண்கள் ஒன்றாக நுழைந்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி கல்யாணச் சேலை எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, மெத்தையில் உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். டாக்டர் காபியைத் தொடாமல் ஆரம்பித்தார். பெண்களின் உடம்பு, சிறுநீரகம், கர்ப்பப்பை என்று பெரிய பிரசங்கம். தலையாட்டிக்கொண்டே இருந்த அண்ணாச்சி, கழிப்பறை கட்டும் பேச்சு வந்ததும் திகைத்துப்போனார்.

"என்ன டாக்டரம்மா சொல்லுதிய? கடையில பாத்ரூம் இல்லன்னு யாரு சொன்னா? மாடியில டைல்ஸ் போட்டுக் கட்டி வச்சிருக்கேன்லா. தெனமும் கழுவ ஆள் உண்டு. யாரும் போவக்கூடாதுன்னு நான் சொன்னதே இல்லியே. இந்தா தொங்குது பாருங்க சாவி!"

கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் சாவி தொங்கியது. முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையில் கட்டியிருந்தது. பூட்டாமல் விட்டால் கடைத்தெருவே மாடி ஏறிவிடுமாம். வெறும் சாவியாகத் தொங்கவிட்டால் யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். அதனால் கட்டை. சொல்லும்போது அண்ணாச்சிக்குத் தன் யோசனையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இல்லாததைக் கட்டச் சொல்லி வந்திருக்கிறோம், இருக்கிறது என்கிறார். டாக்டர் காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிளவுஸ் கவுண்டரில் அவள் எங்கள் பக்கமே திரும்பாமல், மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வைத்தியர் எழுந்தார். "அண்ணாச்சி, அந்தச் சாவி ஒண்ணு தரணும். நான் ஒண்ணு போய் வரட்டே."

"தாராளமா!" என்று அண்ணாச்சி கட்டையை எடுத்து நீட்டினார். அதோடு விட்டாரா? உபசாரம் குறையக்கூடாதென்று மாடியைப் பார்த்து உரக்கக் கத்தினார். "ஏலே, மேல லைட்டப் போடு! அம்மா பாத்ரூம் போறாவ!"

கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வைத்தியர் அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சேலைப் பகுதியைத் தாண்டி, வேட்டிப் பகுதியைத் தாண்டி, கடையின் முழு நீளமும் நடந்தார். வேட்டி எடுக்க வந்தவர்கள் வழி விட்டார்கள். மாடிப் படியில் பார்சல் கட்டுகிற ஆண்கள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சுவரோடு ஒட்டி நிற்க, அவர் ஏறிப் போனார். திரும்பி வரும்போதும் அதே ஊர்வலம்.

கட்டையைக் கல்லாமேல் வைத்தார். முகம் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, நான் பேரப்பிள்ளை எடுத்தவளாக்கும். எனக்கு நாணமே இல்லைன்னு என் மக்கள் பறயும். இந்தக் கட்டையும் பிடிச்சு நடந்தப்போ என் செவி ரெண்டும் சுட்டுப்போச்சு. அங்கே எல்லாம் நல்ல சுத்தம், ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணம் ஆன குட்டியும் ஆகாத குட்டியும் ஒரு நாள்ல எத்தனை தடவை இப்படி நடக்கும்? உங்க வீட்டுப் பெண்ணு நடக்குமோ?"

அண்ணாச்சி கட்டையைக் கையில் எடுத்தார். சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாக, எங்களிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்: "எங்க வீட்டுக்காரி கடைக்கு வந்தா கொஞ்ச நேரத்துல, போவணும் போவணும்னு பறப்பா. கடைன்னாலே அவளுக்குப் பிடிக்காதுன்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருக்கேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கதவையும் கட்டி, டைல்ஸும் போட்டு, கழுவ ஆளும் வைத்துவிட்டு, அந்தக் கதவுவரை ஒரு பெண் எப்படிப் போவாள் என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்துவிட்டார். நாங்களும் அதே ஜாதிதான். தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டு, குடித்தபின் என்ன என்று யோசிக்காதவர்கள்.

நர்ஸ்தான் வழி சொன்னார். "சிம்பிள் அல்லே அண்ணாச்சி. இங்கே உள்ள எல்லாப் பெண்ணுக்கும் ஆளுக்கொரு சாவி. அவங்க கையில இருக்கட்டும். யாருகிட்டயும் சோதிக்க வேண்டாம், கேக்க வேண்டாம்."

"அப்போ இந்தக் கட்டை?" என்றார் அண்ணாச்சி. நிஜமாகவே கவலையோடு கேட்டார்.

"அதை அடுப்புல வைங்கோ," என்றார் டாக்டர்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் சாவி வெட்டுகிறவரிடம் அன்றே ஆள் போயிற்று. பார்சல் கட்டுகிறவர்களின் சாப்பாட்டு இடம் கீழே பின்கட்டுக்கு மாறியது. ஆனால் சாவியைப் பெண்களிடம் எப்படிக் கொடுப்பது என்பதில் அண்ணாச்சிக்குச் சங்கடம். வாங்கத்தான் பெண்கள் கூசுவார்கள் என்று நினைத்திருந்தோம். கொடுக்க அவர் அதற்கு மேல் கூசினார். கடைசியில் அவர் மனைவி வந்தார். வெள்ளிக்கிழமை கடையில் பூஜை முடிந்ததும், வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு ஒவ்வொருத்திக்கும் ஒரு சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நவராத்திரிக்குத் தாம்பூலம் வாங்குவதுபோலப் பெண்கள் முந்தானையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கழிப்பறைச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் அங்கேதான் பார்த்தேன். அண்ணாச்சியின் மனைவி தனக்கும் ஒரு சாவி எடுத்துக்கொண்டார். அன்று அவர் கடை அடைக்கும்வரை இருந்தார்.

எல்லா இடமும் இப்படிச் சுலபமாக முடியவில்லை. பாத்திரக்கடைக்காரர், வியாபார நேரத்தில் இதென்ன அசிங்கப் பேச்சு என்று எங்களைப் படியேறவே விடவில்லை. அவரிடம் இன்னும் நர்ஸ் நடையாய் நடந்துகொண்டிருக்கிறார். வளையல் கடையில் கழிப்பறை கட்ட இடமே கிடையாது. அந்தக் கடைப் பெண்களுக்கும் தன் கடைச் சாவியைக் கொடுக்க அண்ணாச்சி முதலில் முணுமுணுத்தார். மனைவி ஒரு பார்வை பார்த்ததும் கொடுத்துவிட்டார்.

பிளவுஸ் கவுண்டர்க்காரியின் வீட்டுப் பக்கத்தை நர்ஸ் பார்த்துக்கொண்டார். வழக்கமான வீட்டு விசிட்டில் மாமியாரோடு உட்கார்ந்து, காய்ச்சல் ஏன் வந்தது, இனி ஏன் வராது என்று பொறுமையாகச் சொன்னார். கணவனையும் மாதாந்திரச் செக்கப்புக்குக் கூட்டி வரச் சொன்னார். அவன் வந்து, நர்ஸ் முன்னால் ஸ்டூல் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். என்ன கேட்டாலும் சரி சேச்சி, சரி சேச்சி. ஆனால் மறு வாரத்திலிருந்து காலையில் அவளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி வைப்பது அவன் வேலையாயிற்று.

வைத்தியரின் கஷாயத்தை டாக்டர் என்னென்ன மூலிகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிரசவம் முடியும்வரை வேண்டாம் என்றார். வைத்தியர் முறுக்கிக்கொள்ளவில்லை. சாதாரணத் தண்ணீரே மதி, அதுவே போதும் என்று அவரே அந்தப் பெண்ணிடம் சொன்னார். எனக்கு இது பெரிய அதிசயம். மற்றபடி அவர்கள் இருவரும் இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் என் லேப்பில் சண்டை போடுகிறார்கள். பழம்பொரியைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டே போடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆறாம் மாதம் அவள் கொண்டுவந்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. நம்பாமல், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குப் பெரிய லேப்புக்கும் அனுப்பினேன். கிருமி இல்லை என்று வந்தது. ஏழு, எட்டு, அதேபோல. ஒன்பதாம் மாதம் வரை, அண்ணாச்சி போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். வயிறு முட்டியதால் மேல் அடுக்குத் துணியை எடுக்க முடியாது. எது வேண்டும் என்று விரலை நீட்டுவாள், ஆண்கள் எடுத்துப் போடுவார்கள். அந்த விரல் நீட்டலில் ஒரு மகாராணித்தனம் இருந்தது.

பெண் குழந்தை. மாதம் தப்பாமல், நல்ல எடையோடு பிறந்தது. டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்து, "அழுதுண்டே இருக்கு, அம்மா மாதிரியே கேள்வி கேக்கும் போலிருக்கு," என்றார். நாங்கள் மூவரும் போனோம். துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். எனக்குப் பிள்ளை இல்லாததைக் குறையாக நான் நினைத்ததில்லை, அன்றும் நினைக்கவில்லை. நல்ல சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். பெற்றவள் தூங்கி எழுந்து முதலில் கேட்ட கேள்வி, தன் கவுண்டரில் இப்போது யார் நிற்கிறார்கள் என்பது.

சில மாதம் கழித்து ஒரு மாலை, நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்க பிளவுஸ் துணி வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அவள் வேலைக்குத் திரும்பிய வாரம். கடையில் நிற்க இடமில்லை. எனக்கு மாம்பழ நிறத்தில் ஒரு துண்டை அவள் அளந்துகொண்டிருந்தபோது, மாமியார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். பிள்ளை பசியில் வீறிட்டது. மாமியார் தயங்கித் தயங்கி, "வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போயேன்," என்று அவள் காதில் கிசுகிசுத்தார்.

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டாள். கடையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"மொதலாளி! பிள்ளைக்குப் பால் குடுக்கணும். உக்கார ஒரு எடம் வேணும். கதவு உள்ள எடமா பாத்து வேணும்!"

வேட்டிப் பகுதி, சேலைப் பகுதி, எல்லாத் தலையும் திரும்பியது. அவள் யாரையும் பார்க்கவில்லை, அண்ணாச்சியைத்தான் பார்த்தாள். அண்ணாச்சி கையில் வாங்கிய ரூபாயோடு அப்படியே இருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் என் பக்கம் பார்த்தார்.

"என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம் அண்ணாச்சி?" என்றேன். "கேட்டது அவளல்லவா?"

"மதியம் நீங்க படுக்குத ரூம் சும்மாதானே கெடக்கு மொதலாளி," என்றாள் அவள். "அது போதும். சீக்கிரம் தொறங்க, பிள்ளை அழுவுதுல்லா."

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார்.